ஷெடியூலரில் ரேஸ்: இன்டரப்டை நிறுத்துவதா, பூட்டுப் போடுவதா, எத்தனை பூட்டு?

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் கொட்டகலைத் தம்பி. ஒரே கோர் (செயலிக்குள் தனித்து ஓடும் கணிப்பு அலகு) உள்ள, ரிஸ்க்-ஃபைவ் வகைச் செயலி கொண்ட சின்ன போர்டு ஒன்றுக்குத் தானே கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதுகிறார். மற்றவர் பதுளைத் தங்கச்சி, இறுதியாண்டு மாணவி. அவருடைய கெர்னல் நான்கு கோர் உள்ள ராஸ்பெரி பை 4இல் ஓட வேண்டும். இருவருக்கும் நோய் ஒன்றுதான். மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடுகிறது, திடீரென்று ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எழும்புவதே இல்லை, சில நேரம் முழுக் கெர்னலும் உறைந்துவிடுகிறது. என்ன நடக்கிறது என்று பார்க்க இடையில் ஓர் அச்சிடும் வரியைச் சேர்த்தால் பிழை ஒளிந்துகொள்கிறது.

"இன்டரப்டை நிறுத்தினால் போதுமா அண்ணே, பூட்டுப் போடணுமா? போட்டால் ஒன்றா, கோருக்கு ஒன்றா?" என்று தம்பி கேட்டார். இன்டரப்ட் என்பது டைமரோ ஒரு சாதனமோ ஓடும் வேலையை இடைமறித்துக் கோரை அழைப்பது; பூட்டு என்பது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடுவது. தங்கச்சி இன்னும் ஒருபடி மேலே போனார். பூட்டே இல்லாமல், நடுவில் யாரும் புக முடியாத அட்டாமிக் கட்டளைகளை வைத்து எழுதிவிட முடியாதா என்பது அவர் கேள்வி.

இரண்டு பேருக்கும் விடை வேறு வேறு. ஏன் வேறு என்பது விளங்க வேண்டுமானால், எந்த ப்ராசஸ் எப்போது ஓடுவது என்று தீர்மானிக்கும் கெர்னல் பகுதியான ஷெடியூலருக்குள் உண்மையில் எது உடைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## உடைவது எது

இரண்டு கைகள் ஒரே தரவைத் தொடுகின்றன. எந்தக் கை முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. அதுதான் ரேஸ் கண்டிஷன். ஷெடியூலரில் அது மூன்று உருவில் வரும். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பிரித்துவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்றை அடைக்கும் வழி மற்றதைத் திறந்தே விட்டுவிடலாம்.

இரட்டைப் பிடி. காலையில் தேயிலைத் தோட்டத்தின் பெரட்டுக்களத்தில் இரண்டு கங்காணிமார் ஒரே பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஆள் பிரிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரே நொடியில் இருவர் கண்ணும் ஒரே பெயரில் விழுகிறது. ஒருவர் மேல்மலைக்கு எழுதிக்கொள்கிறார், மற்றவர் கீழ்மலைக்கு எழுதிக்கொள்கிறார். ஷெடியூலரிலும் இரண்டு கோர்கள் ஒரே ப்ராசஸைத் 'தயார்' நிலையில் கண்டு இரண்டுமே எடுத்து ஓட்டினால், ஒரே ஸ்டாக்கில் (அந்த ப்ராசஸ் தன் இடைக்கால மதிப்புகளை வைக்கும் நினைவகத்தில்) இரண்டு கோர்கள் எழுதும். அதன் பிறகு எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

தொலைந்த எழுப்பல். ஒரு ப்ராசஸ் தரவு வந்துவிட்டதா என்று பார்க்கிறது. வரவில்லை. சரி, தூங்கலாம் என்று முடிவெடுக்கிறது. பார்த்ததற்கும் தூங்கியதற்கும் நடுவில் தரவு வருகிறது, எழுப்பும் அழைப்பும் வருகிறது, தூங்குபவர் யாரும் இல்லாததால் அழைப்பு வீணாகிறது. அப்புறம்தான் ப்ராசஸ் தூங்குகிறது. இனி அதை எழுப்ப யாரும் வரமாட்டார்கள்.

பாதி இறங்கியவர். பலர் இதைப் பற்றிக் கேள்விப்படுவதே தங்கள் கெர்னல் விழுந்த பிறகுதான். ஒரு ப்ராசஸ் தன் நிலையைத் 'தயார்' என்று மாற்றி வரிசையிலும் போட்டாயிற்று. ஆனால் அதன் ரெஜிஸ்டர்கள் (கோருக்குள் இருக்கும் அதன் வேலை மதிப்புகள்) இன்னும் சேமிக்கப்படவில்லை, பழைய கோர் இன்னும் அந்த ஸ்டாக்கிலேயே நிற்கிறது. அதற்குள் வேறொரு கோர் அதை வரிசையில் கண்டு, போன முறை சேமித்த பழைய ரெஜிஸ்டர்களோடு ஓட்டத் தொடங்குகிறது. ஒரு கால் படியிலும் ஒரு கால் மேடையிலும் இருக்கும்போதே ரயிலை எடுத்த மாதிரி.

## எடைபோடும் அளவுகள்

முதல் அளவு, எத்தனை கோர். இரண்டாவது, மேலே சொன்ன மூன்றில் எவை அடைபடுகின்றன. மூன்றாவது, இன்டரப்ட் வந்ததும் ஓடும் குறியீடான ஹேண்ட்லருக்குள்ளிருந்து அழைக்க முடியுமா; டிஸ்க் வேலையை முடித்ததும் ப்ராசஸை எழுப்புவது ஹேண்ட்லர்தான் என்பதால் இதிலிருந்து தப்ப முடியாது. நான்காவது, கோர் கூடக்கூடக் காத்திருப்பு எவ்வளவு ஏறும்.

ஐந்தாவதுக்கு நான் அதிக எடை கொடுக்கிறேன்: பிழை வந்தால் அதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் போகும்? 2003 ஆகஸ்டில் வட அமெரிக்காவில் ஐந்து கோடிப் பேரை இருட்டில் தள்ளிய மின்தடைக்குப் பல காரணங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, மின் கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருளில் கிடந்த ஒரு ரேஸ். அன்று வரை யார் கண்ணிலும் அது படவில்லை. ரேஸின் குணமே அதுதான், சோதனையில் வராது. ஆகவே வேகமான வழியைவிட, பிழை தெரியும்படி எழுத வாய்ப்பளிக்கும் வழியே முதலில் உங்களுக்கு வேண்டும்.

ஆறாவது, நினைவக ஒழுங்கு. எக்ஸ்86 (இன்டெல் வகை) கோர் ஒன்று இரண்டு இடங்களில் எழுதினால், எழுதிய வரிசையிலேயே மற்றக் கோர்களுக்கும் தெரியும். ஆர்மிலும் (ராஸ்பெரி பையில் இருக்கும் வகை) ரிஸ்க்-ஃபைவிலும் அந்த உத்தரவாதம் இல்லை, தடுப்புக் கட்டளை போட்டால்தான் வரிசை நிற்கும். இதில் மாணவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. எக்ஸ்86 மடிக்கணினியில், வேறு இயந்திரம் போல நடிக்கும் கியூஎமு மென்பொருள் வழியாக ஆர்ம் கெர்னலை ஓட்டும்போது, அடியில் உள்ள இயந்திரம் எழுத்துகளை வரிசையாகவே காட்டிவிடுவதால், தடுப்பு மறந்த குறியீடும் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். உண்மையான போர்டில் ஏற்றிய அன்றுதான் விழும். தங்கச்சிக்கு நடந்தது இதுதானா என்று முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

## 1. இன்டரப்டை நிறுத்துவது

ஒரே கோர் என்றால் ஷெடியூலருக்கு இடையில் புக முடிந்தது இன்டரப்ட் மட்டும்தான். அதை நிறுத்திவிட்டால் வேறு யாரும் உள்ளே வர முடியாது. மூன்று ரேஸும் அடைபடும், ஒரு நிபந்தனையோடு: தொலைந்த எழுப்பலைத் தடுக்க, நிலைமையைப் பார்ப்பதற்கு முன்பே நிறுத்தி, தூங்கி வேறு ப்ராசஸுக்கு மாறி முடியும் வரை நிறுத்தியே வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது கோர் வந்த நிமிடமே இந்த வழி செத்துவிடும். தன் கோரின் இன்டரப்டை நிறுத்துவது பக்கத்துக் கோரை ஒன்றும் செய்யாது.

மலிவான வழிதான், ஆனாலும் மறைந்த செலவு மூன்று உண்டு. ஒன்று, அடுக்கு. வெளிச் செயற்கூறு நிறுத்துகிறது, உள்ளே அழைக்கப்பட்ட சின்னச் செயற்கூறும் நிறுத்திவிட்டுத் தன் வேலை முடிந்ததும் திறந்துவிடுகிறது. வெளியே உள்ளவர் இன்னும் நிறுத்தியிருப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார். எனவே எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள்: நிறுத்தும்போது ஒன்று கூட்டி, விடும்போது ஒன்று குறைத்து, பூச்சியம் வந்தால் மட்டும் முன்பிருந்த நிலைக்குத் திரும்புவது. எம்.ஐ.டி.யின் கற்பித்தல் கெர்னலான எக்ஸ்வி6இல் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். 'முன்பு திறந்திருந்ததா' என்ற குறிப்பை மட்டும் ப்ராசஸோடு சேர்த்துக் கொண்டுபோக வேண்டும், கோரில் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் நிறுத்தியவர் தூங்கி எழும்போது வேறு ப்ராசஸ்கள் அந்தக் கோரில் ஓடி முடித்திருக்கும்.

இரண்டாவது, சும்மா இருக்கும் நேரம். வரிசை காலி என்று கண்டு 'இன்டரப்ட் வரும்வரை உறங்கு' என்ற கட்டளைக்குப் போகிறீர்கள். வரிசையைப் பார்த்ததற்கும் உறங்கியதற்கும் நடுவில் இன்டரப்ட் வந்து ஒரு ப்ராசஸை எழுப்பிவிட்டுப் போனால், தொலைந்த எழுப்பல் கோர் அளவிலேயே நடந்துவிடும். ரிஸ்க்-ஃபைவிலும் ஆர்மிலும் இன்டரப்டை நிறுத்தியபடியே அந்தக் கட்டளையைக் கொடுக்கலாம். காத்திருக்கும் இன்டரப்ட் ஒன்று இருந்தால் கோர் விழித்துக்கொள்ளும், பிறகு திறந்துவிட்டு ஹேண்ட்லரை ஓட விடலாம். எக்ஸ்86இல் வழி வேறு: திறக்கும் கட்டளையையும் உறங்கும் கட்டளையையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும், திறப்பது ஒரு கட்டளை தள்ளித்தான் அமலுக்கு வரும் என்பதால் இடைவெளி இருக்காது. தம்பியின் போர்டு உறைவதற்குக் காரணம் இந்த இடம்தான். அவர் திறந்த பிறகு உறங்கச் சொல்லியிருந்தார்.

மூன்றாவது, நிறுத்திய நேரம் நீண்டால் டைமர் துடிப்பும் சீரியல் எழுத்தும் தாமதமாகும். நீண்ட பட்டியலை நிறுத்தியபடி தேடாதீர்கள்.

## 2. ஷெடியூலர் முழுவதற்கும் ஒரே பூட்டு

மலையக ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், வளையம் மாட்டிய பை ஒன்றை நிலையத்தில் நிற்பவர் ஓட்டுநரிடம் நீட்டுவார். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள துண்டுக்குள் நுழைய அதற்குள் இருக்கும் டெப்லட் வேண்டும். இரு பக்கக் கருவிகளும் கம்பியால் இணைந்திருப்பதால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே வரும். கணினியில் பூட்டு என்பதும் அதேதான். நெதர்லாந்தின் டைக்ஸ்ட்ரா 1960களில் தன் ஒத்திசைவுக் கருவிக்கு 'செமஃபோர்' என்று ரயில் கைகாட்டியின் பெயரையே வைத்தார்.

ஒரே பூட்டு என்றால் நானுஓயாவிலிருந்து பதுளை வரை முழுப் பாதைக்கும் ஒரே டெப்லட். வரிசை, எல்லா ப்ராசஸ்களின் நிலை, எழுப்புவது, தூங்குவது, எல்லாமே அதன் கீழ். இரட்டைப் பிடி உடனே ஒழியும். மற்ற இரண்டையும் அடைக்கப் பூட்டை எங்கே எடுத்து எங்கே விடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

பாதி இறங்கியவர் பிரச்சினைக்கு விடை: ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் முழு நேரமும் பூட்டு கையில் இருக்க வேண்டும். அதாவது பூட்டைப் போட்டவர் ஒருவர், திறப்பவர் இன்னொருவர். பழைய ப்ராசஸ் போட்டுவிட்டு மாறுகிறது, புதிய பக்கம் விழித்து அதைத் திறக்கிறது. முதல்முறையாக ஓடும் குழந்தை ப்ராசஸ் (இன்னொரு ப்ராசஸ் புதிதாக உருவாக்கியது) தூங்கி எழுந்த இடம் என்று ஒன்றும் இல்லாததால், அது தொடங்கும் இடத்தில் பூட்டைத் திறக்கும் வரியைத் தனியாக எழுத வேண்டும். நான் முதன்முதலில் எழுதியபோது அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். முதல் ப்ராசஸ் பிறந்ததும் எல்லாக் கோரும் உறைந்து நின்றன, இரண்டு இரவு போயிற்று.

தொலைந்த எழுப்பலுக்கு விடை ஒரு கைமாற்று. தரவைக் காக்கும் பூட்டு கையில் இருக்கும்போதே ஷெடியூலர் பூட்டை எடுங்கள், அப்புறம் தரவுப் பூட்டை விடுங்கள். எழுப்புபவரும் இதே இரண்டு பூட்டையும் தாண்டித்தான் வர வேண்டும் என்பதால் இடையில் அவருக்கு நுழைய வழியில்லை.

பூட்டு கையில் இருக்கும்போது இன்டரப்டும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே கோரில் வரும் ஹேண்ட்லர் அதே பூட்டுக்குக் காத்திருக்கும், பூட்டு வைத்திருப்பவரோ ஹேண்ட்லர் முடியக் காத்திருப்பார். எனவே முதல் வழி இங்கே இரண்டாவதின் அடித்தளமாக உள்ளேயே இருக்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலை காத்திருப்பு. அதைப் பயத்தோடு பார்க்காமல் கணக்கோடு பாருங்கள். நான்கு கோர், 10 மில்லிசெக்கனுக்கு ஒரு டைமர் துடிப்பு. செக்கனுக்கு 400 மாற்றம். ஒவ்வொன்றும் பூட்டை 5 மைக்ரோசெக்கன் வைத்திருக்கிறது என்று வைத்தால் மொத்தம் 2 மில்லிசெக்கன், அதாவது 0.2 சதவீதம். கண்ணுக்கே தெரியாது. ஆனால் குழாய் (பைப், ப்ராசஸ்களுக்கு இடையே தரவு போகும் வழி) வழியாக மாறி மாறிப் பேசிக்கொண்டு தூங்கி எழும் ப்ராசஸ்கள் கோருக்கு 20,000 மாற்றம் செய்தால், 80,000 தடவை 5 மைக்ரோசெக்கன் என்று ஒரு செக்கனில் 400 மில்லிசெக்கன் பூட்டு யார் கையிலாவது இருக்கும். அப்போது கோர்கள் வரிசையில் நிற்கத் தொடங்கும். உங்கள் கெர்னல் இந்த இரண்டில் எது என்பதை அளந்து தெரிந்துகொள்ளலாம்.

கிடைக்கும் வரை கோர் சுழன்றுகொண்டே காத்திருக்கும் பூட்டுக்கு ஸ்பின்லாக் என்று பெயர். சாதாரண ஸ்பின்லாக்கில் வந்த வரிசைப்படி பூட்டு கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஒரு கோர் திரும்பத் திரும்பத் தோற்கலாம். லினக்ஸ் 2008இல் சீட்டு எண் கொடுக்கும் ஸ்பின்லாக்குக்கு மாறியது அதனால்தான். உங்களுக்கும் அது பத்து வரி வேலை, முதல் நாளே செய்துவிடுங்கள்.

### இடையில் ஒரு வழி: ப்ராசஸுக்கு ஒரு பூட்டு

எக்ஸ்வி6இன் எக்ஸ்86 பதிப்பு ப்ராசஸ் அட்டவணை முழுவதற்கும் ஒரே பூட்டை வைத்திருந்தது. ரிஸ்க்-ஃபைவ் பதிப்பு ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு பூட்டு வைக்கிறது, மாறும் நேரம் முழுவதும் அந்த ப்ராசஸின் பூட்டு மட்டும் பிடிபட்டிருக்கும். பாதி இறங்கியவரை மற்றக் கோர் தொடவே முடியாது, பூட்டு இன்னும் அவர் கையில். வேறு ப்ராசஸ்களை மற்றக் கோர்கள் தடையின்றி எடுக்கலாம். ஆனால் தாய்-பிள்ளை உறவு இரண்டு ப்ராசஸ்களைத் தொடுவதால் அதற்குத் தனிப் பூட்டு வேண்டும், அதை எப்போதும் ப்ராசஸ் பூட்டுக்கு முன்பே எடுக்க வேண்டும். அட்டவணையை ஒவ்வொரு முறையும் முழுதாகத் தேடும் செலவும் இருக்கிறது. எக்ஸ்வி6இல் 64 இடங்கள்தான், அந்த அளவில் பரவாயில்லை.

## 3. கோருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு பூட்டு

இப்போது துண்டுக்குத் துண்டு டெப்லட். தலவாக்கலைக்கும் வட்டகொடைக்கும் நடுவில் ஒரு ரயில் ஓடும்போதே அப்புத்தளைக்கும் தியத்தலாவைக்கும் நடுவில் இன்னொன்று ஓடலாம். லினக்ஸ் 2.4 வரை ஓடத் தயாரான எல்லா ப்ராசஸுக்கும் ஒரே வரிசை, ஒரே பூட்டு. 2003இல் வந்த 2.6இலிருந்து கோருக்கு ஒரு வரிசை.

நிறையக் கோர்களில் இதற்கு ஈடில்லை. ஆனால் நீங்கள் வாங்குவது ஒரு பூட்டுக்குப் பதில் நான்கு பூட்டு என்று மட்டும் நினைக்க வேண்டாம், கூடவே நான்கு புதிய வேலைகள் வருகின்றன.

ஒரு ப்ராசஸை எழுப்ப அது இருக்கும் வரிசையின் பூட்டு வேண்டும். எந்த வரிசை என்று பார்த்து, பூட்டுக்குக் காத்திருந்து, கையில் கிடைப்பதற்குள் அந்த ப்ராசஸ் வேறு வரிசைக்கு நகர்ந்திருக்கலாம். பூட்டை எடுத்த பிறகு மறுபடி பார்த்து, மாறியிருந்தால் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். லினக்ஸும் அப்படியே சுழற்சியாகத்தான் செய்கிறது.

ப்ராசஸை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த இரண்டு பூட்டும் வேண்டும். முதல் கோர் 1, 2 என்றும், இரண்டாவது கோர் 2, 1 என்றும் எடுத்தால் இரண்டும் மற்றதுக்காகக் காத்து நிற்கும். எதிரெதிராக வந்த இரண்டு ரயில்கள், அடுத்தவர் துண்டு காலியாகட்டும் என்று நிற்பது போல. வழி எளிது: எந்தத் திசையில் நகர்த்தினாலும் சிறிய எண்ணின் பூட்டு முதலில். இந்த விதியை ஒரே செயற்கூறுக்குள் வையுங்கள், நான்கு இடத்தில் எழுதினால் ஓர் இடத்தில் கட்டாயம் தவறும்.

பாதி இறங்கியவர் இங்கே புது உருவில் வருவார். ப்ராசஸ் கோர் 1இல் தூங்கப் போகிறது, இன்னும் இறங்கி முடியவில்லை. கோர் 3 அதை எழுப்பித் தன் வரிசையில் போட விரும்புகிறது. தன் வரிசையின் பூட்டு கோர் 3 கையில் இருக்கிறது, ஆனால் ஸ்டாக் இன்னும் கோர் 1 கையில். லினக்ஸ் இதற்காக ஒவ்வொரு ப்ராசஸிலும் 'இன்னும் கோரில் இருக்கிறேன்' என்ற கொடி வைத்திருக்கிறது. மாறி முடித்த பிறகுதான் பழைய கோர் அதை இறக்கும், எழுப்புபவர் அது இறங்கும் வரை காத்திருந்துதான் வேறு வரிசையில் போடுவார். கொடியை இறக்குவதும் பார்ப்பதும் சரியான தடுப்புக் கட்டளைகளோடு இருக்க வேண்டும். ஆர்மில் இங்கே தவறினால் சேமித்த ரெஜிஸ்டர்கள் போய்ச் சேருவதற்கு முன் கொடி இறங்கியதாகத் தெரியும்.

நான்காவது, சமன்படுத்தல். ஒரு கோரில் பத்துப் பேர் காத்திருக்க, பக்கத்துக் கோர் சும்மா இருக்கலாம். கெர்னல் விழாது, மெதுவாக மட்டும் ஓடும், அதனால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். லினக்ஸிலேயே இப்படிச் சில பிழைகள் பல ஆண்டுகள் கிடந்ததை 2016இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அவசரப்படுபவர்களுக்கு இன்னொரு சரித்திரம். லினக்ஸ் பல கோர்களைத் தொடும்போது, 1996இல், முழுக் கெர்னலுக்கும் ஒரு பெரிய பூட்டு வைத்துத் தொடங்கியது. அதை முழுதாக அகற்றி முடித்தது 2011இல், 2.6.39இல். உலகமே சேர்ந்து எழுதும் கெர்னல் ஒன்றுக்குப் பூட்டைப் பிரிக்க பதினைந்து ஆண்டு. பெரிய பூட்டோடு தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

## 4. அவரவர் வரிசையை அவரவர் மட்டும்

ஒவ்வொரு கோரும் தன் வரிசையை மட்டும் தொடும். வேறு கோரின் ப்ராசஸை எழுப்ப வேண்டுமானால், அந்தக் கோரின் அஞ்சல் பெட்டியில் ஒரு குறிப்பைப் போட்டு, இன்டரப்டால் அதைத் தட்டுவது. நிலைய அதிபர் அடுத்த நிலையத்துக்குச் செய்தி அனுப்புவாரே தவிர, அங்கே போய் நெம்புகோலை இழுக்க மாட்டார். ட்ராகன்ஃப்ளை பி.எஸ்.டி. என்ற இயங்குதளம் இந்த எண்ணத்தில் கட்டப்பட்டது. 2009இல் சூரிச்சிலிருந்து வந்த பேரல்ஃபிஷ் ஆய்வுக் கெர்னல், முழுக் கெர்னலையே கோருக்கு ஒன்றாகப் பிரித்து செய்தியால் இணைத்தது.

எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். வரிசைக்குள் நடப்பதெல்லாம் மறுபடி 'ஒரே கோர்' கணக்காகிவிடுகிறது, முதல் வழியில் கற்றதெல்லாம் அப்படியே பயன்படும். பாதி இறங்கியவரும் வரமாட்டார், ஏனென்றால் செய்தியைப் பிரிப்பதே அந்தக் கோர்தான், அதுவும் அவர் இறங்கி முடித்த பிறகுதான்.

மறைந்த செலவு செய்திப் பெட்டியில் இருக்கிறது. பெட்டி நிறைந்தால் என்ன செய்வது? அனுப்பியவர் காத்திருந்தால், இருவர் ஒருவருக்கொருவர் இன்டரப்டை நிறுத்தியபடி காத்திருந்து உறையலாம். ப்ராசஸுக்குள்ளேயே ஒரு 'எழுப்பல் நிலுவை' கொடி வைத்து அதையே செய்தியாக்கிவிட்டால் பெட்டி நிறையும் பேச்சே வராது. அப்புறம், தட்டும் இன்டரப்டுக்கு நேரம் போகும், எழுப்பல் பூட்டு வழியைவிடச் சற்றுப் பிந்தலாம். 'உன் வரிசையில் எத்தனை பேர்?' என்று கேட்டு விடைக்குக் காத்திருக்கும் குறியீட்டை எழுதவே வேண்டாம்.

## 5. பூட்டே இல்லாமல்

ஒப்பிட்டு மாற்றும் அட்டாமிக் கட்டளை (மதிப்பு பழையபடியே இருந்தால் மட்டும் புதியதை எழுதுவது) நினைவகத்தின் ஒரு சொல்லை, அதாவது ஓர் எண் அளவு இடத்தை, மட்டும் பத்திரமாக மாற்றும். ஷெடியூலரில் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டியவை பல: ப்ராசஸின் நிலை, வரிசையில் அதன் இடம், அதன் ஸ்டாக் யார் கையில். இந்த மூன்றையும் ஒரு சொல்லுக்குள் அடைக்க முடியாது. போதாததற்கு, எடுத்துப் பார்த்த முனை (பட்டியலின் ஓர் உறுப்பு) விடுவிக்கப்பட்டு அதே முகவரியில் புது முனை வந்து உட்கார்ந்தால், மதிப்பு மாறவில்லை என்று கட்டளை ஏமாந்துவிடும்.

அனுபவசாலிகள்கூடக் குறுகிய ஓரிடத்தில்தான் இதைப் பயன்படுத்துகிறார்கள். மற்றக் கோருக்கு எழுப்பல் அனுப்ப லினக்ஸில் ஒரு பூட்டில்லாப் பட்டியல் உண்டு. ஆனால் அதை எடுத்துத் தன் வரிசையில் சேர்க்கும் கோர், தன் வரிசைப் பூட்டைப் போட்டுக்கொண்டுதான் சேர்க்கிறது. நான்காம் வழியின் அஞ்சல் பெட்டிக்கு இது பொருத்தம். ஷெடியூலர் முழுவதையும் இப்படி எழுத நினைக்கும் இறுதியாண்டு மாணவருக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

| வழி | பொருந்தும் கோர் | தானாக அடைபடுவது | நீங்கள் கவனமாக அடைக்க வேண்டியது | பிழை தேடும் பாடு |
|---|---|---|---|---|
| இன்டரப்டை நிறுத்தல் | ஒன்று | இரட்டைப் பிடி, பாதி இறங்கியவர் | தொலைந்த எழுப்பல், சும்மா இருக்கும் நேரம் | குறைவு |
| ஒரே பூட்டு | சில | இரட்டைப் பிடி | பூட்டுக் கைமாற்று, குழந்தை ப்ராசஸ் | குறைவு |
| ப்ராசஸுக்குப் பூட்டு | சில | இரட்டைப் பிடி | தாய்-பிள்ளை ஒழுங்கு | நடுத்தரம் |
| கோருக்குப் பூட்டு | பல | ஒரே வரிசைக்குள் இரட்டைப் பிடி | இடம்பெயர்வு, பூட்டு ஒழுங்கு, கொடி, சமன் | அதிகம் |
| செய்தி அனுப்பல் | பல | இரட்டைப் பிடி, பாதி இறங்கியவர் | பெட்டி நிறைதல், தாமதம் | நடுத்தரம் |
| பூட்டில்லாதது | பல | எதுவும் இல்லை | எல்லாமே | மிக அதிகம் |

## யாருக்கு எது

கொட்டகலைத் தம்பிக்கு முதல் வழி போதும். ஒரே கோருக்கு ஸ்பின்லாக் சேர்ப்பது வீண். எண்ணிக்கை வைத்து நிறுத்தி, உறங்கும் கட்டளையின் இடத்தைத் திருத்தினால் அவர் கெர்னல் நிற்கும். நாளைக்கு இரண்டு கோர் போர்டு வாங்கும் எண்ணம் இருந்தால், நிறுத்தும் இடங்களை எல்லாம் இப்போதே 'ஷெடியூலர் பூட்டு எடு', 'ஷெடியூலர் பூட்டு விடு' என்ற இரண்டு பெயர்களுக்குப் பின்னால் வைத்துவிடட்டும். அன்றைக்கு உள்ளே மட்டும் மாற்றினால் போதும்.

பதுளைத் தங்கச்சி ஒரே பூட்டில் தொடங்க வேண்டும். பாதியில் கோருக்குப் பூட்டு என்று பிரித்து வைத்திருக்கிறார், அதை மறுபடி ஒன்றாக்கச் சொன்னேன். ஒன்றாக்கிய பிறகும் கெர்னல் விழுந்தால் பிழை பூட்டின் எண்ணிக்கையில் இல்லை, கைமாற்றிலோ தடுப்புக் கட்டளையிலோதான் இருக்கும். இவ்வளவு தெளிவான விடையைப் பிரித்த பூட்டுகள் தரவே தராது. விழாமல் நின்று, அளந்து பார்த்தால் காத்திருப்பு உண்மையிலேயே கூடுதலாக இருந்தால், ப்ராசஸுக்குப் பூட்டு அடுத்த படி. ஆய்வுத் தலைப்பே பல கோர் ஷெடியூலிங் என்றால் நான்காம் வழி. சேவையகங்களுக்கு எழுதுபவர்களுக்கு மூன்றாம் வழி, அதுவும் கூட இரண்டு பேர் குறியீட்டைப் படிக்க இருந்தால்.

எந்த வழியானாலும் மாறும் செயற்கூறின் வாசலில் நான்கு சோதனைகள் வையுங்கள், எக்ஸ்வி6 வைத்திருப்பது போல: வேண்டிய பூட்டு கையில் இருக்கிறதா, அது ஒன்று மட்டும்தானா, ப்ராசஸின் நிலை 'ஓடுகிறது' என்பதிலிருந்து மாறிவிட்டதா, இன்டரப்ட் நிறுத்தியிருக்கிறதா. ஒன்று பொய்த்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். அச்சிடும் வரி வேண்டாம், அது நேரத்தை மாற்றிப் பிழையை மறைக்கும். கோருக்கு ஒரு சிறிய வட்டப் பதிவை (நிறைந்ததும் பழையதன் மேல் எழுதிக்கொண்டே போகும் குறிப்பை) நினைவகத்தில் வைத்து, விழுந்த பிறகு அதைப் படியுங்கள். தரவைப் பார்ப்பதற்கும் தூங்குவதற்கும் நடுவிலும், வரிசையில் போடுவதற்கும் ரெஜிஸ்டர் சேமிப்பதற்கும் நடுவிலும் வேண்டுமென்றே ஒரு வெற்றுச் சுழற்சியைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை வந்த பிழை, இடைவெளி அங்கேதான் இருந்தால், சில செக்கனிலேயே வந்து நிற்கும். தங்கச்சியின் கெர்னலில் இரண்டாவது இடைவெளியில் அந்தச் சுழற்சியைப் போட்டதும், தேநீர் ஊற்றி முடிப்பதற்குள் விழுந்தது.